பன்னிரண்டு கேமரா உபயம்

ஜூலை 3, வியாழன்

இந்த டைரி ஜனவரியில் வந்தது. கல் உடைக்கும் கிரஷரின் முதலாளி அர்த்தநாரி புத்தாண்டுக்கு ஸ்டேஷனில் இருக்கும் பதினேழு பேருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தனுப்பினார். முதல் பக்கத்தில் அவர் கைகூப்பி நிற்கும் படம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கிரஷரின் பெயர். ஆறு மாதமாக வீட்டில் ஊறுகாய் ஜாடிக்கு அடியில் கிடந்ததை இன்று உருவி எடுத்தேன். இன்றைக்கு வந்த கோபத்தை ஜி.டி.யில் எழுத முடியாது.

ஜி.டி. என்றால் ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பு. ஊத்துக்கரடு காவல் நிலையத்தின் ரைட்டர், தலைமைக் காவலர் துளசிமணி ஆகிய நான்தான் அதை எழுதுகிறேன். யார் எத்தனை மணிக்கு வந்தார், போனார், என்ன மனு வந்தது, எல்லாம் அதில் ஏறும். பக்கத்துக்குப் பக்கம் எண் போட்டிருக்கும். கிழிக்க முடியாது. தினமும் நகல் டி.எஸ்.பி. அலுவலகத்துக்குப் போகும்.

இன்று ரெக்கார்டு ரூமில் பாம்பு. இந்த வருடத்தில் மூன்றாவது. பழைய கேஸ் கட்டுக்குள் கைவிட்ட பிறகுதான் பார்த்தேன். அடித்து வெளியே போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தால் தபால். காம்பவுண்டுச் சுவர் விழுந்து இரண்டு வருடமாகிறது, வயர்லெஸ் மைக்கின் பேட்டரி பத்து நிமிடம் தாங்குவதில்லை, போன மாதம் குடித்துவிட்டு வந்த இருவர் வாசலில் பாரா நின்ற பெண் காவலர் மேல் கல் எறிந்துவிட்டு இடிந்த சுவர் வழியாகவே போய்விட்டார்கள் என்று ஐந்தாவது முறையாக எழுதியிருந்தேன். பதில்: "நிதி ஒதுக்கீடு வரப்பெற்றதும் பரிசீலிக்கப்படும்." போன நான்கு முறையும் இதே வாக்கியம்தான். இந்தத் தடவை கையெழுத்து மட்டும் வேறு ஆள்.

ஜூலை 9, புதன்

இன்ஸ்பெக்டர் சுகுமாரன் ஐயா மீட்டிங் போய்விட்டு வந்தார். அரசுப் பணம் இப்போதைக்கு வராது, உள்ளூரில் உபயதாரர் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். இங்கே வந்து ஒன்றரை வருடம். எப்போது மாற்றல் வரும் என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டே இருப்பவர். "நீங்க உள்ளூர் ஆளு துளசிமணி. நீங்களே போய்க் கேட்டுப் பாருங்களேன்" என்றார்.

கோயிலுக்கு டியூப் லைட் வாங்கப் போகிற மாதிரி ஒரு லிஸ்டை எடுத்துக்கொண்டு கிரஷருக்குப் போனேன். பதினான்கு அயிட்டம். பாதி கிடைத்தால் போதும் என்று இரண்டு மடங்காக எழுதியிருந்தேன். அர்த்தநாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக டிக் அடித்தார். பதினான்கையும் அடித்தார்.

"ஏனுங்க ஏட்டம்மா, ஆறு கேமரா எப்படிங்க பத்தும்? பன்னெண்டாப் போட்டுருங்க. நம்ம ஸ்டேஷனுக்கு நாம செய்யாம வேற யாருங்க செய்வாங்க?"

நான் ஒருத்தியாகப் போய் ஒரு மணி நேரத்தில் சாதித்துவிட்டு வந்தேன். ஜீப்புக்கு டயரும், அது எங்கே நிற்கிறது என்று காட்டும் ஜி.பி.எஸ்.ஸும்கூட. கிளம்பும்போது, "பொண்ணு பன்னெண்டாவது முடிச்சிருச்சுங்களா?" என்று விசாரித்தார். பொதுவாகச் சில விஷயங்கள் பேசிக்கொண்டிருந்துவிட்டு வந்தேன்.

ஜூலை 24, வியாழன்

சுவர் எழும்பிவிட்டது. லாக்கப் கதவுக்குப் புதுக் கீல். பெண் காவலர் ஓய்வறைக்கு உள்தாழ்ப்பாள். இந்த ஒரு தாழ்ப்பாளுக்காக எத்தனை வருடம்! இன்வெர்ட்டர் வேண்டும் என்று நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன். கரண்ட் போனாலும் ஆறு மணி நேரம் கேமரா ஓடும்.

கேமரா மாட்ட வந்தவர் வாயாடி. நான்காம் நம்பரை என் மேஜைக்கு நேர் மேலே மாட்டிவிட்டு, "நீங்க எழுதற எழுத்தையே படிச்சரலாமுங்க" என்று பெரிதாக்கிக் காட்டினார். நான் வைத்திருந்த மளிகை லிஸ்டில் "து. பருப்பு அரை கிலோ" என்பது திரை முழுக்க வந்து நின்றது. எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு, எந்தச் செல் நம்பரில் பதிவு செய்வது என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் ஐயா கோர்ட்டில் இருந்தார். ஸ்டேஷன் செல்லில் சார்ஜ் இல்லை. பில் அர்த்தநாரி பேரில், வாரண்டி அவர் பேரில். நாளைக்குக் கேமரா கெட்டுப்போனால் அவரல்லவா பார்க்க வேண்டும்? அவர் நம்பரையே போடச் சொல்லிவிட்டேன். ஆறு இலக்க ஓ.டி.பி. அவர் செல்லுக்குப் போனது. போனில் கேட்டு வாங்கிக் கொடுத்ததும் நான்தான். நாளைய தலைவலியை இன்றைக்கே அடுத்தவர் தலையில் கட்டிவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமைதான்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

திறப்பு விழா. பெரிய அதிகாரிகள் வந்து ரிப்பன் வெட்டினார்கள். வாசலில் கறுப்புக் கல்லில் தங்க எழுத்து: "உபயம்". அதற்குக் கீழே அர்த்தநாரியின் பெயர், ஸ்டேஷன் பெயரைவிடப் பெரிதாக.

பயன்பாட்டுச் சான்றிதழ் தயார் செய்தேன். "மேற்படி சாதனங்கள் அனைத்தும் நல்ல நிலையில், இந்நிலையத்தின் முழுக் கட்டுப்பாட்டில் உள்ளன." ரைட்டர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன்.

மகள் மிருதுளா நர்சிங் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். ஹாஸ்டல் நன்றாக இருக்கிறதாம்.

ஆகஸ்ட் 6, புதன்

மதியம் நாலு மணி நேரம் கரண்ட் இல்லை. ஊரில் ஒரு ஃபேன்கூட ஓடவில்லை, கேமராவில் பச்சை விளக்கு மட்டும் ஜம்மென்று எரிந்தது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

விடிகாலை ஐந்தேமுக்காலுக்குத் தகவல். கரட்டு ரோட்டில் பால் சொசைட்டிக்கு மொபெட்டில் போய்க்கொண்டிருந்த தங்கராசு என்பவரை ஒரு லாரி அடித்துத் தூக்கி எறிந்திருக்கிறது. ஸ்பாட்டிலேயே இறந்துவிட்டார். வண்டி நிற்கவில்லை. நான் போனபோது ரோடு முழுக்கப் பால் ஓடிக் காய்ந்திருந்தது, எறும்பு ஏறத் தொடங்கியிருந்தது. கேன் பள்ளத்தில் கிடந்தது. மூடியைக் காணவில்லை.

அடையாளம் தெரியாத வாகனம் என்று எஃப்.ஐ.ஆர். போட்டோம். அந்த ரோட்டில் அந்த நேரத்தில் என்ன வண்டி போகும் என்று ஊத்துக்கரட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிவது வேறு, எழுதுவது வேறு.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

தங்கராசுவின் மனைவி ரங்கநாயகி வந்தார். நாற்பது வயதிருக்கும். என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து, அழாமல் பேசினார். அழுதிருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

"அது கிரஷர் டிப்பருதானுங்க ஏட்டம்மா. நம்பர் பிளேட்டு இல்லாம ஓடுமே, அந்த வண்டிங்க. எம்பட ஊட்டுக்காரரு கேன் மூடி எங்கீங்க? சொசைட்டி நம்பரு நாப்பத்தேழுன்னு செவப்புப் பெயிண்டுல எழுதியிருக்குமுங்க. ரோட்டுல தேடியாச்சு, காட்டுல தேடியாச்சு. அது வண்டியோடதானுங்க போயிருக்கோணும்."

பால் சொசைட்டியில் கேன் மாறிவிடக் கூடாது என்று மூடிக்கு மூடி மெம்பர் நம்பர் எழுதுவார்கள். இந்தப் பக்கம் வீட்டுக் கதவில் நம்பர் இல்லாவிட்டாலும் கேன் மூடியில் இருக்கும். அவர் சொன்னதை எழுதிக்கொண்டிருந்தேன். பாதி எழுதவில்லை, போன் அடித்தது. அர்த்தநாரி.

"அந்தம்மா காத்தால இருந்து ஒண்ணும் சாப்புடலையாட்ட இருக்குதுங்களே. மூஞ்சி வாடிக் கெடக்குது. ஒரு டீ வாங்கிக் குடுங்க, பாவம். செலவு நம்புளுதுங்க."

அவ்வளவுதான் சொன்னார். ரங்கநாயகி வந்து பதினைந்து நிமிடம் ஆகியிருக்காது. டீ வாங்கிக் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை. மனுவை விசாரிப்பதாகச் சொல்லி ரசீது போட்டு அனுப்பிவிட்டேன்.

ஸ்டேஷனில் எவனோ காட்டிக்கொடுக்கிறான். டிரைவர் கதிரேசன்மேல்தான் எனக்குச் சந்தேகம். அவன் மச்சான் கிரஷரில் லோடு மேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கதிரேசனைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். "எம்பட புள்ள மேல சத்தியமா நான் ஒண்ணும் சொல்லலீங்க்கா" என்று நின்றான். ஜீப் சாவியைப் பிடுங்கிவிட்டு வாசலில் பாரா போட்டேன். நாள் முழுக்க உபயக் கல்லுக்குப் பக்கத்தில் நின்றான். முட்டிவலிக்காரன். போகும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குத் திருப்தியாக இருந்தது என்று எழுதத்தான் வேண்டும், இருந்தது.

செப்டம்பர் 4, வியாழன்

கதிரேசன் இரண்டு நாளாகத் தேர் பந்தோபஸ்துக்கு வெளியூர் போயிருக்கிறான். ரங்கநாயகி மறுபடி வந்தார். ஸ்டேஷனில் நானும் பாரா நின்ற பெண் காவலரும் மட்டும். அவர் கொண்டுவந்த மனுவைப் படித்துவிட்டு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நீல ரிஜிஸ்தருக்கு அடியில் செருகினேன்.

பத்து நிமிடம். போன்.

"ஏட்டம்மா, அந்த நீல ரிஜிஸ்தருக்குக் கீழ வெச்சீங்களே, அது என்ன மனுவுங்க? ஒரு காப்பி எடுத்து வெச்சுருங்க, மேனேஜர் வந்து வாங்கிக்குவாரு."

ரிசீவரை வைத்தேன். ரிஜிஸ்தரைப் பார்த்தேன். அப்புறம்தான் தலையை நிமிர்த்தி மேலே பார்த்தேன்.

நான்காம் நம்பர் பச்சை விளக்கோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஆறு இலக்கம் ஞாபகம் வந்தது. அர்த்தநாரி ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்ன குரலும். பாத்ரூமுக்குப் போய் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கேமரா இல்லாத இடம் அது ஒன்றுதான்.

செப்டம்பர் 5, வெள்ளி

சரிபார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. ஒரு வெள்ளைத் தாளில் "பிரிண்டர் டோனர் தீர்ந்துவிட்டது" என்று கொட்டை எழுத்தில் எழுதி, மேஜைமேல் மல்லாக்கப் போட்டுவிட்டு என் வேலையைப் பார்த்தேன். வாயைத் திறந்து யாரிடமும் சொல்லவில்லை. டோனர் தீரவும் இல்லை.

மதியம் இரண்டரைக்குக் கிரஷர் ஆள் ஒருவர் டோனர் டப்பாவோடு வந்தார். "ஐயா குடுத்துட்டு வரச் சொன்னாருங்க."

அதே கம்பெனி, அதே மாடல். வாங்கி மேஜை டிராயரில் வைத்தேன். நன்றி சொன்னேன். வேறென்ன சொல்வது?

செப்டம்பர் 8, திங்கள்

சனி ஞாயிறு முழுக்க யோசித்து, இன்று ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்தேன்.

கேமரா மாட்டியவருக்கு வீட்டிலிருந்தே போன் செய்தேன். நம்பரை மாற்ற வேண்டுமென்றால் பழைய நம்பருக்கு ஆறு இலக்கம் போகுமாம். அதை அர்த்தநாரியிடம் கேட்டு வாங்க வேண்டுமாம். "ஏனுங்க, எதாச்சும் பிரச்சனைங்களா?" என்றார். இல்லை என்றேன்.

மெயின் சுவிட்சை அணைத்தேன். இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டது. நான் ஒற்றைக்காலில் நின்று வாங்கிய இன்வெர்ட்டர்.

பெருக்குகிற சாக்கில் கேமராப் பெட்டியின் ஒயரை உருவினேன். மூன்று நிமிடம் இருக்கும், அர்த்தநாரி போன். "லைன் கட்டாயிருச்சாட்ட இருக்குதுங்க ஏட்டம்மா, ஆள அனுப்பட்டுங்களா?" வேண்டாம், எலி இழுத்திருக்கும் என்று சொல்லிச் சொருகினேன். "எலி பெருசுங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்.

கடைசியாக இன்ஸ்பெக்டர் ஐயாவை வாசலுக்குக் கூப்பிட்டு, வெளியாட்களும் கேமராவைப் பார்க்க வழியிருக்குமோ என்று பட்டும் படாமலும் கேட்டேன். அவர் நிமிர்ந்து வாசல் கேமராவைப் பார்த்தார். அவருக்குத் தெரியுமோ என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

"கேமரா நல்லாத்தானே வேலை செய்யுது?"

"செய்யுதுங்க ஐயா."

"முழுக் கட்டுப்பாட்டில இருக்குன்னு சர்டிபிகேட்ல நீங்கதானே கையெழுத்துப் போட்டிருக்கீங்க? பின்ன என்ன. எனக்கு அக்டோபர்ல மாற்றல் வந்துடும் துளசிமணி. அதுவரைக்கும் கம்முனு இருங்க."

அவர் கம்முனு போய் ஏ.சி. அறைக்குள் உட்கார்ந்துகொண்டார். அந்த ஏ.சி.யும் லிஸ்டில் ஏழாவது அயிட்டம்.

பாம்பு இருந்தபோது இந்த ஸ்டேஷனில் எனக்கு இவ்வளவு பயம் இருந்ததில்லை. இப்போது சோற்று டப்பாவைத் திறக்கும்போதுகூடக் குழம்பை மறைத்துக்கொண்டு சாப்பிடுகிறேன். சுவர் கட்டினால் பத்திரம் என்று நினைத்தேன். இன்று அந்தச் சுவரைப் பார்க்கும்போது உள்ளே மாட்டிக்கொண்டது நாங்கள்தான் என்று படுகிறது.

செப்டம்பர் 12, வெள்ளி

வீட்டுக்குப் போக பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். ஒருவர் பக்கத்தில் வந்து, முகத்தை ரோட்டுப் பக்கம் வைத்துக்கொண்டே பேசினார். ஜெயசீலன், கிரஷர் எடைமேடையில் வேலை.

"அன்னைக்குக் காத்தால ரெண்டாம் நம்பர் டிப்பரு முன்னால நசுங்கி வந்துச்சுங்க. பம்பர்ல மூடி சிக்கியிருந்துச்சுங்க. நாப்பத்தேழு. கழுவறதுக்குள்ள நான் எடுத்து ஒளிச்சு வெச்சிருக்கனுங்க. எங்க வேண்ணாலும் வந்து சொல்றனுங்க. ஸ்டேஷனுக்கு மட்டும் வரச் சொல்லாதீங்க. கிரஷர் ஆபீஸ் டி.வி.ல உங்க ஸ்டேஷன்தானுங்க நாள் முச்சூடும் ஓடுது."

ஸ்டேஷனுக்கு வராமல் வாக்குமூலம் எப்படி வாங்குவது? சட்டம் என்று ஒன்று இருக்கிறது. திங்கட்கிழமை பதினொரு மணிக்கு வாருங்கள், கையோடு மூடியை மட்டும் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். நான் சொன்னதில் தப்பில்லை.

செப்டம்பர் 15, திங்கள்

ஜெயசீலன் வந்தார். சட்டை மாற்றி, தலை சீவி, எனக்கு எதிரில் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மேலே ஒரு தடவை பார்த்தார். பேனாவை எடுத்து, தேதி போட்டேன். பெயர் என்ன என்று கேட்டேன். அவர் வாயைத் திறப்பதற்குள் போன்.

"சீலன் வந்திருக்கான் போலத் தெரியுதுங்களே. போன அவன்கிட்டக் குடுங்க."

கொடுத்தேன்.

ஜெயசீலன் காதில் வைத்துக் கேட்டார். "சரிங்க. சரிங்க. இல்லீங்க. சரிங்க." ரிசீவரை மெதுவாக வைத்துவிட்டு எழுந்தார். "ரேஷன் கார்டு காணாமப் போச்சுங்க, அதச் சொல்லலாம்னு வந்தனுங்க. பரவால்லீங்க, ஊட்டுலயே தேடிப் பாக்கறனுங்க" என்று கேமராவுக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னார். கேமராவுக்குக் காது கிடையாது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஜி.டி.யில், "11.20 மணி: ஜெயசீலன் என்பவர் ரேஷன் கார்டு தொலைந்தது சம்பந்தமாக வந்து சென்றார்" என்று எழுதினேன்.

செப்டம்பர் 17, புதன்

ஜெயசீலன் அரசு ஆஸ்பத்திரியில். எடைமேடையில் வழுக்கி விழுந்து வலது கை கல்லுக்கடியில் மாட்டிவிட்டதாம். நாலு விரல் போய்விட்டது.

வாக்குமூலத்தை எந்த இடத்திலும் வைத்து வாங்கலாம். பஸ் ஸ்டாப்பில் வாங்கலாம், வயலில் வாங்கலாம். சட்டம் தடுக்கவில்லை. அது எனக்கு வெள்ளிக்கிழமையே தெரியும். பதினெட்டு வருடமாகத் தெரியும். அவர் கேமராவுக்கு முன்னால் வந்து நின்றால், நான் ஒன்றும் செய்யாமலே இந்த விஷயம் முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் அவரை வரச் சொன்னேன்.

எழுதிவிட்டேன். இதற்கு மேல் இன்று எழுத முடியவில்லை.

செப்டம்பர் 18, வியாழன்

மிருதுளா போன் செய்தாள்: கல்லூரி ஆபீஸுக்குக் கூப்பிட்டு, "அம்மா நல்லா இருக்காங்களா?" என்று விசாரித்தார்களாம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

நேற்று லீவு போட்டுவிட்டு, யூனிஃபார்ம் இல்லாமல், ஆரஞ்சுப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜெயசீலன் என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் மனைவிதான் பேசினார். "மூடிய ரங்கநாயகி அக்காகிட்டக் குடுத்துட்டோமுங்க. இனி நீங்களாச்சு, அவியளாச்சு." நான் போகாமல் அப்படியே நின்றேன். ரொம்ப நேரம் கழித்து ஜெயசீலன் சுவரைப் பார்த்தபடியே சொல்ல ஆரம்பித்தார். மடியில் வைத்து எழுதிக்கொண்டேன். இரண்டரைப் பக்கம்.

இன்று மிருதுளா வீட்டுக்கு வந்தாள். தோசை ஊற்றிக்கொண்டே சொன்னேன். கல்லுச் சூட்டைப் பார்த்துக்கொண்டு சொல்வது சுலபம். முகத்தைப் பார்க்க வேண்டாம். உன் சீட்டு மார்க்கினால் வந்ததில்லை, நான் அந்த லிஸ்டோடு போன அன்றைக்கு அர்த்தநாரியே எடுத்துக் கொடுத்தார், நானும் வாங்கிக்கொண்டேன், பீஸ் கட்டியதாகச் சொன்னதெல்லாம் பொய், நாளைக்கு நான் ஒன்று செய்தால் உன் படிப்பு போய்விடும் என்றேன்.

அவள் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தாள்.

"அம்மா, எனக்குத் தெரியாதுன்னா நெனச்சுட்டு இருந்தீங்க? கிளாஸ்ல என்னைய யாரும் பேரு சொல்லிக் கூப்பிடறதில்ல. 'ஸ்டேஷன் சீட்டு'ன்னுதான் கூப்பிடுவாங்க. சேந்த மொத நாள்ல இருந்து." கையைக் கழுவிவிட்டு வந்தாள். "பொட்டியக் கையோட கொண்டாந்துட்டேன். உள்ளதான் வெச்சிருக்கேன், பாக்கலியா?"

கருகிய தோசையை அவள்தான் திருப்பிப் போட்டாள். நான் அழுதேன். வெட்கமாக இருந்தது, அதற்குத்தான் அழுதேன்.

செப்டம்பர் 22, திங்கள்

காலை ஆறரைக்குக் கதிரேசனைப் பால் சொசைட்டிக்கு வரச் சொன்னேன். வந்தான். மன்னிப்புக் கேட்டேன், இத்தனை வருட சர்வீஸில் ஒரு கான்ஸ்டபிளிடம் நான் கேட்ட முதல் மன்னிப்பு. அவன் சிரித்தான். "ஒரு நாளு பாராவுல முட்டி பாதி தேஞ்சுருச்சுங்க்கா. மீதிப் பாதிக்கு இப்ப என்ன வேல வெச்சிருக்கீங்க?"

ரங்கநாயகி பால் ஊற்ற வந்தார். மடியிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்துக் கொடுத்தார். மூடி ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. 47 அப்படியே இருந்தது. லாரிப் பெயிண்டின் மஞ்சள் விளிம்பில் ஒட்டியிருந்தது. சொசைட்டிச் செயலாளரையும் பால் ஊற்ற வந்த ஒருவரையும் சாட்சியாக வைத்து, அங்கிருந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து எழுதி, சீல் வைத்து, வாக்குமூலத்தையும் சேர்த்துக் கதிரேசனிடம் கொடுத்தேன். ஜீப் வேண்டாம், பஸ்ஸில் கோர்ட்டுக்குப் போ என்றேன். ஜீப்பில்தான் அர்த்தநாரி போட்டுக் கொடுத்த ஜி.பி.எஸ். இருக்கிறதே.

வழக்கப்படி முதலில் ஜி.டி.யில் ஏற்றிவிட்டுத்தான் ஒரு பொருளைக் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும். இன்று மாற்றிச் செய்தேன். இதற்கு எனக்கு மெமோ வரும். வரட்டும்.

பத்தே முக்காலுக்குக் கதிரேசன் போன் செய்தான். "கோர்ட்டுல வாங்கிட்டாங்க்கா. முத்திரை போட்டுக் கையெழுத்தும் போட்டுக் குடுத்துட்டாங்க."

ரங்கநாயகியை உள்ளே வரச் சொல்லி எனக்கு எதிரில், நான்காம் நம்பருக்கு நேர் கீழே உட்கார வைத்தேன். இன்ஸ்பெக்டர் ஐயா எஸ்.பி. அலுவலகத்தில் மீட்டிங். ஜி.டி.யைத் திறந்தேன். எப்போதும் பொடி எழுத்தில் எழுதுகிறவள் நான், பக்கம் மிச்சமாகும் என்று. இன்று கடைப் பலகை எழுத்து மாதிரி பெரிது பெரிதாக எழுதினேன்.

மூடி கிடைத்த விவரம். கோர்ட்டில் சேர்த்த நேரம். ஜெயசீலன் வாக்குமூலம் கொடுத்த இடம். 15ஆம் தேதி ரேஷன் கார்டு என்று நான் எழுதியது பொய் என்பது. இரண்டாம் நம்பர் டிப்பர்.

இங்கே வரும்போது போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது. என் செல் அடித்தது. ஓய்ந்தது. மறுபடி மேஜைப் போன்.

"ஏனுங்க ஏட்டம்மா, போனு அடிக்குதுங்களே?" என்றார் ரங்கநாயகி.

"அடிக்கட்டுங்க. இன்னும் கொஞ்சம் எழுத வேண்டியிருக்குது."

மீதியையும் எழுதினேன். இந்நிலையத்தின் பன்னிரண்டு கேமராக்களும் இந்நிலையத்தின் கட்டுப்பாட்டில் இல்லை. அவற்றை ஜூலை 24 அன்று உபயதாரரின் செல் நம்பரில் பதிவு செய்யச் சொன்னது நான். ஆறு இலக்கத்தைக் கேட்டு வாங்கிக் கொடுத்தது நான். முழுக் கட்டுப்பாட்டில் உள்ளதாகச் சான்றளித்ததும் நான். உபயத்தில் பதினைந்தாவதாக ஒரு அயிட்டம் உண்டு, அது லிஸ்டில் இல்லை: என் மகளின் கல்லூரி சீட்டு. இன்று அவள் அங்கிருந்து நின்றுவிட்டாள். துளசிமணி, தலைமைக் காவலர். தேதி, நேரம்.

போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. ஜி.டி.யைத் தூக்கி, எழுத்து மேலே பார்க்கும்படி நான்காம் நம்பருக்கு நேராகப் பிடித்தேன். மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டேன். இரண்டு பக்கம், மெதுவாகப் படிக்கிறவருக்கும் போதுமான நேரம் பிடித்தேன். பிறகு கீழே வைத்துவிட்டு ரிசீவரை எடுத்தேன்.

"படிச்சிட்டீங்களாங்க?" என்று கேட்டேன்.